சக்களத்தியும் இல்லை, ஓரகத்தியும் இல்லை

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. எங்கள் சமையல்கட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அந்தத் தேதியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. புள்ளி இருந்தால் அன்றைக்கு என் வீட்டுக்காரர் கடலூரில் வேலை முடிந்து நேராகப் புதுச்சேரிக்குப் போவார், லாசுப்பேட்டை அக்கா (எனக்குத் தெரிந்தே, என் சம்மதத்தோடு அவருக்கு இருக்கும் சிநேகிதி) வீட்டில் தங்குவார், மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்று அர்த்தம். தாழ்வு மண்டலம், வலுவிழக்கும் என்றுதான் முதல் நாள் செய்தியில் சொன்னார்கள். வெள்ளி மதியம்தான் புயல் என்று அறிவித்து, பெஞ்சல் என்ற பெயரையும் சொன்னார்கள். போன் பண்ணினேன். "என்னாங்க, இன்னிக்குப் போய்த்தான் ஆகணுமா?" "வலுவிழந்துடும்னுதானே சொன்னாங்க, மதியம் வந்துடுறேன்."

வரவில்லை. சனிக்கிழமை ராத்திரி புயல் புதுச்சேரிப் பக்கத்தில் கரையேறி, நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரன்ட் இல்லை. நான் மஞ்சக்குப்பத்தில், பதினாலு வயது மகளோடும், ஒன்பது சதவீதம் சார்ஜ் இருந்த போனோடும் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ராத்திரி எனக்கு வந்த கோபம், அவர் இன்னொரு பெண்ணோடு இருக்கிறார் என்பதால் வந்ததில்லை. மாடியில் வைத்த சின்டெக்ஸ் மூடி காற்றில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை இழுத்துக் கட்டும் வேலை எப்போதும் அவருடையது. அந்த மூடிக்காகத்தான் அழுதேன். நாங்கள் உட்கார்ந்து பேசி வைத்த எந்த விதியிலும் சின்டெக்ஸ் மூடி இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணம் 2008-இல், பெரியவர்கள் பார்த்து வைத்தது. நான் புதுச்சேரியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன், தினமும் கடலூர் - பாண்டி பஸ். அவருக்குக் கடலூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. ரத்த தானம் செய்யும் குழு ஒன்றில் இருந்தார். அதில்தான் லாசுப்பேட்டை அக்காவோடு பழக்கம். அக்கா பள்ளி ஆசிரியை, விவாகரத்து ஆனவர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். பெயர்கள் வேண்டாம்.

2019 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்: "எனக்கு ஒருத்தர புடிச்சிருக்கு. இன்னும் ஒண்ணும் நடக்கல. நடக்கிறதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு." சுண்டல் பொட்டலத்தை அவர் மேலேயே வீசினேன். பஸ் ஏறித் திருப்பாப்புலியூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய், எதற்கு வந்தேன் என்று சொல்லாமல் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நாங்கள் சரி என்று ஒரு முடிவுக்கு வர 13 மாதம் ஆனது. இப்படி ஒரு பேச்சு வீட்டில் ஆரம்பித்திருப்பவர்கள் அந்த 13 மாதத்தை மட்டும் படித்தால்கூடப் போதும். ஒரு வாரத்தில் "சரி" வாங்கியவர்கள் யாரும் நன்றாக இருந்து நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததே இரண்டு மூன்று ஜோடிகள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி யூனியன் பிரதேசம். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தூரம்தான், இ-பாஸ் இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது. அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. அவர் போக முடியாது, நான் கோபித்துக்கொண்டு கிளம்பவும் முடியாது. பேசித்தான் ஆக வேண்டும். மகள் தூங்கிய பிறகு மொட்டைமாடியில் பேசுவோம். சில நாள் பத்து நிமிஷத்தில் சண்டையில் முடியும். சில நாள் எங்களுக்குக் கல்யாணமான புதிதில் பேசியதைவிட அதிகமாகப் பேசினோம்.

என்னை யோசிக்க வைத்தது ஒரே ஒரு கேள்வி. நான் வேண்டாம் என்று சொன்னால் எனக்கு என்ன ஆகும்? இதை ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். என் சம்பளம் என் பெயரில் இருக்கும் கணக்கில் வருகிறது. வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. திருப்பாப்புலியூரில் என் அக்கா வீட்டில் எனக்கு ஒரு அறை கிடைக்கும். வேண்டாம் என்றால் அவர் வருத்தப்படுவார், அவ்வளவுதான். என்னை அடிக்கவோ, வெளியே தள்ளவோ, வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதை நிறுத்தவோ அவரால் முடியாது. அதற்குப் பிறகுதான் எனக்கே என்னுடைய "சரி" மீது நம்பிக்கை வந்தது. வேண்டாம் என்று சொன்னால் தெருவில் நிற்க வேண்டிய பெண் சொல்லும் சரிக்குச் சம்மதம் என்று பெயர் வைக்கக் கூடாது. உங்கள் வீட்டு நிலை அப்படி என்றால் இந்தப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் வேலை, வங்கிக் கணக்கு, நகை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். மிரட்டல், அடி என்று இருந்தால் 181 பெண்கள் உதவி எண்.

இது நம் ஊருக்குப் புதிதா என்றால், பாதி இல்லை. வில்லியனூரில் இருந்த என் கொள்ளுத் தாத்தாவுக்கு இரண்டு பெண்டாட்டி. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. சென்னை மாகாணத்தில் 1949-இல் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடை செய்தார்கள், நாடு முழுக்க 1955-இல். அதற்கெல்லாம் முந்தைய கதை இது. மூத்தவளிடம் யாராவது கேட்டார்களா என்று என் பாட்டியிடம் ஒரு முறை கேட்டேன். "அவளை எதுக்குக் கேக்கணும்?" என்றாள், நிஜமாகவே புரியாமல். முருகனுக்கு இரண்டு பேர் என்று ஆரம்பிக்கிறவர்களும் தெய்வானையிடம் கேட்டார்களா என்பதைச் சொல்வதில்லை.

நம்மிடம் இருக்கும் வார்த்தைகளைப் பாருங்கள். சின்ன வீடு, வைப்பு, தொடுப்பு, பேப்பர்காரர்களின் கள்ளக்காதல். ஒன்று ஆண் ஒரு பெண்ணை "வைத்திருக்கிறான்", இல்லாவிட்டால் யாரோ யாரையோ ஏமாற்றுகிறார்கள். எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் ஒப்புக்கொண்டு நடப்பதற்கு ஒரு சொல் இல்லை. எத்திக்கல் நான்-மோனோகமி, ஓப்பன் மேரேஜ், பாலி என்று இங்கிலீஷில்தான் தேடிப் படித்தோம். என் கணவரின் தோழிக்கும் எனக்கும் உள்ள உறவை மெட்டாமோர் என்கிறார்கள். பஸ்ஸில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், ஏதோ கொசு மருந்து மாதிரி இருந்தது. தமிழில் சக்களத்தி இருக்கிறது, ஆனால் அது சண்டைக்கென்றே பிறந்த சொல். அக்காவை முதல் முறை பார்த்தபோது அவரே கேட்டார், "உன்னை நான் எப்படிம்மா கூப்பிடறது?" ஓரகத்தி என்று வைத்துக்கொள்ளலாமா என்றேன், இரண்டு பேரும் சிரித்தோம். கடைசியில் அவர் எனக்கு அக்கா, நான் அவருக்குப் "பாப்பா". எனக்கு அப்போது 34 வயது.

அந்த முதல் சந்திப்புக்கே ஒரு தூக்குதான் காரணம். 2020 நவம்பரில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் புதுச்சேரியிலிருந்து வரும்போது ஒரு எவர்சில்வர் தூக்கு கொண்டுவந்தார். உள்ளே வாழைப்பூ வடை. "மகளுக்குக் குடுக்கச் சொன்னாங்க" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வடையை மகள் சாப்பிட்டாள், நான் தொடவில்லை. தூக்கைக் கழுவிக் கவிழ்த்தபோது அடியில் வெட்டியிருந்த எழுத்து தெரிந்தது. யாரோ ஒரு மாமா பெயர், அன்பளிப்பு, ஒரு தேதி, 2003. அக்காவின் கல்யாணத்துக்கு வந்த பாத்திரம். அந்தக் கல்யாணம் முடிந்து, புருஷன் போய், பாத்திரம் மட்டும் நின்றுவிட்டது. விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் குழாயடியில் நின்றேன். அப்புறம் இன்னொரு சிக்கல். காலிப் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். கோபம் இருந்தாலும் கை கேட்கவில்லை. பண்ருட்டி முந்திரி ஒரு கால் கிலோவைப் போட்டு மூடி, அவரிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த புள்ளிக்கு அது எலுமிச்சை ஊறுகாயோடு வந்தது. மூன்றாவது முறை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

மறைத்து வைத்த ஒருத்தியை மனசு ராட்சசி ஆக்கிவிடும். பாரதி பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து, வெயில் தாங்காமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த ஒரு நடுத்தர வயது ஆசிரியையைப் பார்த்த பிறகு அந்த ராட்சசி இல்லாமல் போனாள். எல்லாரும் சந்தித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் "எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், நீ பாட்டுக்குப் போ" என்ற ஏற்பாட்டை நாங்கள் மூன்று மாதம் முயன்று பார்த்தோம். தெரியாத இடத்தையெல்லாம் நானே கதை கட்டி நிரப்பினேன். உண்மையைவிட என் கதைகள் மோசமாக இருந்தன.

சட்டத்தைப் பற்றிக் கேட்க ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். இரண்டு பேரும் சேர்ந்தே போனோம், அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். அங்கே தெரிந்துகொண்ட ஒரு விஷயம் இன்னும் எனக்கு ஆறவில்லை. 1860-இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு, அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்த ஆணைத் தண்டித்தது. அதிலும் அந்தப் பெண்ணின் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமில்லை! ஆக, சம்மதம் என்ற யோசனை வெள்ளைக்காரன் சட்டத்திலேயே இருந்திருக்கிறது. கேட்க வேண்டிய ஆள் மட்டும் புருஷன். புருஷன் வெளியே போனால் மனைவி வழக்குப் போட அந்தப் பிரிவில் வழியே இல்லை. 2018 செப்டம்பர் 27 அன்று, ஜோசப் ஷைன் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். 2024 ஜூலை 1-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இல்லை.

குற்றம் இல்லை என்றால் பிரச்சினையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணம் இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்தால் ஏழு வருஷம் வரை சிறை. இப்போது அது நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவு. ஆகவே விளையாட்டுக்குக்கூடக் கோயிலில் மாலை மாற்றுவது, தாலி என்று போகாதீர்கள். திருமணத்துக்கு வெளியே உறவு என்பது இந்து திருமணச் சட்டத்தில் இன்னும் விவாகரத்துக்கான காரணம்தான். உடந்தையாக இருந்தவரோ மன்னித்து ஏற்றவரோ அதே காரணத்தைச் சொல்லிக் கேட்க முடியாது என்றும் அதில் இருக்கிறது. அப்படியானால் நாங்கள் எழுதி வைத்துக்கொண்ட காகிதம்? "அக்ரிமென்ட்டா கோர்ட்ல நிக்காது. ஆனா சண்டை வந்தா சாட்சியா யாராவது ஒருத்தர் தூக்கிட்டு வருவீங்க" என்றார். வாட்ஸ்அப்பும் அப்படித்தான். ஜீவனாம்சத்திலும் கவனம் வேண்டும். வேறொருவரோடு தகாத உறவில் வாழ்கிறாள் என்று காட்டினால் மனைவிக்கு ஜீவனாம்சம் மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த விதி மனைவிக்கு மட்டும்தான். கத்தி எந்தப் பக்கம் கூர்மை என்று தெரிகிறதல்லவா?

(புதுச்சேரி ஆளாச்சே, அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறிய ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாதாம். நாங்கள் கடலூர்க்காரர்கள், எங்களுக்கு அது சம்பந்தமில்லை. ஆனால் அவர் அதைச் சொன்ன உற்சாகத்தில் அரை மணி நேரம் போனது, பீஸ் ஏற்றவில்லை.)

வக்கீல் அறையில் எனக்குச் சுருக்கென்று தைத்தது அக்காவின் நிலைதான். எங்கள் இரண்டு பேருக்கும் ஏதோ ஒரு சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அவருக்கு எதுவும் இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் "திருமணம் போன்ற உறவு"க்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனால் 2010-இல் வேலுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டு பேரும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. மனைவி இருக்கிறவரோடு, தெரிந்தே பழகும் பெண்ணுக்கு அது கிடையாது. ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரி வாசலில்கூட அவர் யாரோ. இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து நேரு வீதியில் நடக்கும்போது, நாங்கள் போட்டு வைத்திருந்த விதிகளை நினைத்தால் கூச்சமாக இருந்தது. எங்கள் கல்யாணத்தைக் காப்பாற்ற அவர் எதைச் செய்யக் கூடாது என்று பதினொரு வரி எழுதியிருந்தோம். அவரைக் கேட்காமல், அவர் வாழ்க்கையைப் பற்றி. நான் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் அந்த உறவை நிறுத்தலாம் என்று ஒரு வரியும் இருந்தது. அன்றைக்கு ராத்திரி அதை அடித்தேன். அதற்குப் பதில், எனக்குத் தாங்கவில்லை என்றால் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவது என்று எழுதினோம்.

உடம்பு விஷயம் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் குழப்பமே இல்லை. புதிதாக ஒருவர் வருவதற்கு முன்னால் எல்லாரும் பரிசோதனை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. தொற்றியிருந்தாலும் உடனே சோதனையில் தெரியாமல் போகலாம், அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. ஆணுறை கிழிந்துபோய்ப் பயமாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போக வேண்டும், 28 நாள் மாத்திரை. சந்தேகம் கேட்க எச்.ஐ.வி. உதவி எண் 1097. மையத்தில் என்னிடம் பேசிய கவுன்சிலர் பெண், "வீட்டுக்காரருக்குத் தெரியாம வந்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். அவள் எட்டிப் பார்த்தாள், இவர் கை ஆட்டினார்.

இனி, சொல்லத் தயங்கும் பகுதி. 2022-இல் எனக்கு ஒருவரைப் பிடித்தது. அதுவரை என் வீட்டுக்காரர் இதில் பெரிய தத்துவம் பேசுவார். அன்பு என்பது பங்கு போட்டால் குறையும் ரொட்டி இல்லை என்பார். நான் சொன்ன அன்றைக்கு, "சந்தோஷம்மா" என்றார். ராத்திரி பதினொரு மணிக்குக் கீழே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், தெரு லைட் வெளிச்சத்தில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். செயின் கவரைக் கழற்றி, ஒவ்வொரு பல்லாகப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டு. ஒரு வாரம் இதே கதை. அப்புறம் கேட்டார், "அவருக்கு என்ன சம்பளம்?" நான் பஸ் ஸ்டாண்டிலேயே சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கண் கலங்கியிருந்தது.

அவர் போனபோது நான் மகளைப் பார்த்துக்கொண்டேன், சோறு வடித்தேன், மாமியாரிடம் "ஓவர்டைம்" என்று பொய் சொன்னேன். நான் போக வேண்டும் என்றபோது அந்த வேலைகளெல்லாம் யாருடையவை என்ற கேள்வி வந்தது. ஊரில் ஒரு ஆணுக்கு வெளியே உறவு என்றால் நமுட்டுச் சிரிப்போடு விட்டுவிடுவார்கள், பெண்ணுக்கு என்றால் கொலைச் செய்தி வரை போகும். அந்த ஏற்றத்தாழ்வு வீட்டுக்குள் வராது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். வந்து, அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தது. என் புள்ளி விழும் நாளில் அவர் சமைக்க வேண்டும், மகளின் டியூஷன் அவர் பொறுப்பு, மாமியார் போனையும் அவரே எடுத்துப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதினோம். முதல் மாதம் மூன்று முறையும் பரோட்டா பார்சல். பரவாயில்லை.

அந்த நட்பு ஒரு வருஷத்தில் முடிந்தது. அவருக்கு ஊர் மாறுதல். முடிந்ததைவிட, அதற்காக அழ ஓர் இடம் இல்லாததுதான் கொடுமை. புருஷன் இறந்தால் ஊரே அழ விடும். இதற்கு ஆபீஸில் கண் சிவந்தால் "சைனஸ்" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் ராத்திரி 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். தமிழிலேயே பேசினார்கள், யார் என்று குடையவில்லை. மறுநாள் என் வீட்டுக்காரர் பூண்டு ரசம் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்தில் நான் மறக்காத நாட்களில் அது ஒன்று. விளக்கச் சொன்னால் தெரியாது.

காசு: வீட்டுக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளி உறவுக்குப் போகக் கூடாது, அவரவர் கைச்செலவில்தான். பெட்ரோல் உட்பட. நான் கணக்கெழுதுகிறவள், இதில் சண்டையே வந்ததில்லை. நாட்கள்: தீபாவளி, பொங்கல், கார்த்திகை, மகளின் பரீட்சை வாரம், இவற்றில் புள்ளி கிடையாது. அக்காவுக்கும் ஒரு நாள் வேண்டும் என்று கேட்டார், மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரைக்கு சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் அன்று தனியாக நிற்கப் பிடிக்கவில்லையாம். சரி என்றோம். இப்போது நான்கு பேருமாகப் போகிறோம், அவர் எங்கள் உறவுக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வெளியே யாருக்குச் சொல்வது என்பதில் என் கருத்து கறாரானது: அவசியமானவர்களுக்கு மட்டும். இது வெட்கத்தால் இல்லை, இது சிறிய ஊர். கடலூர் பஸ் கண்டக்டருக்கு என் மாமியாரைத் தெரியும். அக்காவின் வேலை ஒரு புகார்க் கடிதத்தில் போய்விடும். மகளிடம் நாங்கள் பொய் சொன்னதில்லை, ஆனால் முழுக்கவும் சொல்லவில்லை. அப்பாவுக்கு ரொம்ப நெருக்கமான சிநேகிதி, அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குச் சம்மதம் என்று மட்டும். பன்னிரண்டு வயதில் கேட்டாள், "நீங்க ரெண்டு பேரும் பிரியப் போறீங்களா?" அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அதுதான். இல்லை என்றோம். "அப்ப சரி, நான் விளையாடப் போறேன்." வளர வளர இன்னும் கேட்பாள். அப்போது என்ன சொல்வோம் என்று நாங்கள் இன்னும் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

புயலுக்கு வருகிறேன். டிசம்பர் 1, ஞாயிறு. லாசுப்பேட்டையில் அக்கா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கிருஷ்ணா நகர்ப் பக்கம் ராணுவம் வந்து ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தது. மதியம் யார் போனிலிருந்தோ கூப்பிட்டார், கிளம்பி வருகிறேன் என்று. பின்னால் அக்காவின் குரல் கேட்டது, "நீங்க போங்க, பாப்பா தனியா இருக்கும்". எனக்கு ஒரு நொடி பெருந்தன்மை வந்தது, அக்காவைத் தனியே விட்டு வராதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "வாங்க" என்றேன். அது உண்மை. இந்த மாதிரி வாழ்க்கையில் நல்லவள் வேஷம் போட்டால் ஆறு மாதம் கழித்து வட்டியோடு வெளியே வரும் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அவர் சாயங்காலம், தொப்பலாக நனைந்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, பாதி தூரம் லாரியில் வந்தார்களாம். முன்கூட்டிச் சொல்லாமல் யாரையும் வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது என்பது எங்கள் விதிகளில் மூன்றாவது. அக்கா வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். முதலில் அக்காவுக்கு.

அடுத்த இரண்டு நாள் எங்கள் முறை. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை கரை புரண்டது, தாழ்வான இடங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் தெருவுக்கு வரவில்லை. மூன்று பெரியவர்களும் ஒரு பிள்ளையும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சீட்டு ஆடினோம். மாமியார் போனில் கேட்டபோது, "புதுச்சேரி டீச்சர், வீட்ல தண்ணி வந்துடுச்சு, இங்க இருக்காங்க" என்றேன். ஒரு பொய்யும் இல்லை. மாடிக்குப் போய் சின்டெக்ஸ் மூடியைக் கட்டியது அக்காதான். அவர் வீட்டில் அந்த வேலையைச் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்?

தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்காரரோடு பெரிய சண்டை போட்டேன், நான்கு நாள். முடிவில் ஒரு புதிய விதி வந்தது. வானிலை மையம் மஞ்சள் எச்சரிக்கை கொடுத்தால் புள்ளி தானாக அழிந்துவிடும். பிறகு அக்கா இன்னொன்று சேர்க்கச் சொன்னார்: புயலென்றால் அவரும் தனியாக இருக்க மாட்டார், முன்கூட்டியே இங்கே வந்துவிடுவார். எழுதினோம். வக்கீலம்மா சொன்னது சரிதான், எந்தக் கோர்ட்டிலும் நிற்காத காகிதம்.

இப்போது அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்தது மெல்ல வேறு மாதிரி ஆகிவிட்டது. யாரும் சண்டை போடவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. காலண்டரில் புள்ளிகள் குறைந்தன, கடந்த மூன்று மாதமாக ஒன்றும் இல்லை. அவர் கொஞ்சம் வாடித்தான் இருக்கிறார். ரசம் வைத்துக் கொடுத்தேன். ஆனால் எனக்கும் அக்காவுக்கும் ஒன்றும் முடியவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டே மார்க்கெட்டில் மகளுக்குத் துணி பார்த்துவிட்டு லாசுப்பேட்டைக்கு ஒரு நடை போய்விட்டு வருவேன். 2003 தூக்கு இந்த முறை என் வீட்டில் இருக்கிறது. போன தடவை அதிரசம் போட்டு அனுப்பியிருந்தார். நான் பதிலுக்கு என்ன போடுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அவருக்கு இப்போது சர்க்கரை வேறு வந்துவிட்டது.